கொடுக்க இயலாக் கடன்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே மரபு. அத்தகைய மேடையில் கடனைப் பற்றிப் பேசுவது, கல்யாணப் பந்தலில் பாக்கிக் கணக்கை வாசிப்பது போன்றது எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும், ஏதேனும் பேச வேண்டும் எனச் செயற்குழுவினர் பணித்தபோது இப்பொருளையே நாம் தேர்ந்தோம். சம்பளப் பட்டியல் எழுதும் பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கும் நமக்கு, இக் கரக்பூர்க் காலனியின் சுகதுக்கங்களில் ஒரு பகுதி எண்களாகவே வந்து சேர்கிறது. எவர் பட்டியலில் பிடித்தம் ஏறுகிறது, எவர்க்குக் கைக்குப் போகும் தொகை மாதாமாதம் தேய்கிறது என்பதெல்லாம் தெரியும். தெரிந்ததை வெளியில் சொல்லுதல் முறையன்று. ஆதலின், இன்று கூறப்போகும் எதிலும் ஆளையோ வீட்டையோ தேட வேண்டா என முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

கடன் வாங்காதீர்கள் என உபதேசம் செய்ய நாம் வரவில்லை. அவ்வுபதேசம் வாங்குமுன் கேட்கத் தக்கது. நாம் பேச விழைவது, வாங்கியாயிற்று, வருமானம் முழுவதையும் கொட்டினாலும் இனி அடைக்க வழியில்லை என்ற நிலைக்கு வந்துவிட்ட குடும்பத்தைப் பற்றி. அத்தகைய குடும்பம் நம்மிடையே ஒன்றிரண்டு அல்ல.

நோய், திருமணம், கல்வி ஆகியவற்றால் கடன்படுவது எங்கும் உள்ளதே. ஆனால் ஊரை விட்டு வந்து வாழும் நம்மிடம் சிறப்பாகக் காணத்தக்க ஒரு வழியும் உண்டு. அதுவே ஊரில் கட்டும் வீடு. இங்கே குவார்ட்டர்ஸில் இரண்டு அறையில் காலங்கழித்துக்கொண்டு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் பாஸில் போய் இறங்கும் ஊரில் மாடி வைத்த வீடு எழுப்புகிறோம். ஓய்வு பெறும் வரை அதில் குடியிருப்பது பூட்டும் ஒட்டடையுமே. கல்கத்தாப் பக்கம் ரயில்வேயில் நல்ல உத்தியோகம் என்ற பெயர் ஊரில் பரவியிருப்பதால், தங்கை மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் தாம்பாளம் தாம்பாளமாகப் போக வேண்டியிருக்கிறது. உள்ளூரில் இருக்கும் தம்பி ஐந்நூறு ரூபாய் மொய் எழுதினால் எவரும் ஒன்றும் சொல்வதில்லை. நாம் எழுதினால் சொல்கிறார்கள். இதனைக் குறையாகக் கூறவில்லை. தொலைவில் இருப்பவர்கள் உறவைக் காத்துக்கொள்ளக் கொடுக்கும் விலை அது. ஆயினும் விலை விலைதான்.

இனி, கடன் மீறிப் போனவன் நிலைமையைப் பார்ப்போம். அவன் மனத்தில் முதலில் எழும் உருவம் அரிச்சந்திரன். சொன்ன சொல்லுக்காக நாட்டை இழந்து, காசியில் மனைவியையும் மகனையும் விற்று, தன்னையும் விற்றுச் சுடலை காத்தவன் கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியக் கண்டு அழுத மக்கள் நாம். ஆகவே கொடுக்க முடியாதவன் என்றாலே உயிரை வைத்திருக்கத் தகுதியற்றவன் என்றொரு எண்ணம் நம் இரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆனால் அரிச்சந்திரன் பட்ட கடனில் வட்டிக்கு வட்டி ஏறவில்லை. விசுவாமித்திரர் அவனிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அவன் சத்தியத்தை வணங்குவோம். சுடலை வரை அவனைப் பின்பற்ற வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் கடனாளியைச் சிறையில் பூட்டினார்கள். 1824இல் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தையை லண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைத்தனர். அப்பொழுது பன்னிரண்டு வயதான டிக்கன்ஸ் பூட்ஸ் பாலிஷ் செய்யும் கிடங்கில் சீசாக்களுக்குக் காகிதம் ஒட்டிக் கூலி பெற்றார். பூட்டி வைத்தவன் சம்பாதிக்க முடியாது, சம்பாதிக்காதவன் கடனைக் கொடுக்க முடியாது என்ற எளிய உண்மை அந்நாட்டுப் பார்லிமெண்டுக்குப் புலப்பட 1869 வரை ஆயிற்று. அவ்வாண்டுச் சட்டமே அச் சிறைவாசத்தைப் பெரும்பாலும் ஒழித்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவைப் படித்தால் ஒன்று விளங்கும். டிக்ரி ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் கடனாளியைச் சிறையில் இட முடியாது. அவன் ஓடி ஒளியப் பார்க்கிறான், சொத்தைக் கெட்ட எண்ணத்துடன் பிறர் பெயருக்கு மாற்றுகிறான், கையில் பணம் இருந்தும் கொடுக்க மறுக்கிறான் என்று இவ்வாறு ஏதேனும் ஒன்று நிரூபிக்கப்படவேண்டும். 1980இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அளித்த தீர்ப்பு இதனை மேலும் உறுதி செய்தது. வறுமையினால் கொடுக்காதவனைச் சிறைக்கு அனுப்புவது அரசியலமைப்பின் 21ஆம் விதி காக்கும் உரிமைக்கு மாறானது என்பதே அதன் சாரம். பணக் கடனுக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே கூடாது என 56ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. சிறைக்கு அனுப்பினாலும் மூன்று மாதத்திற்கு மேல் வைக்க முடியாது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சிறையில் இருக்கும் கடனாளியின் சாப்பாட்டுச் செலவை, அவனை அனுப்பிய கடன்காரரே கட்டவேண்டும். கட்டத் தவறினால் ஆளை விட்டுவிடுவார்கள்.

ஆகவே, தொலைபேசியில் ஒருவன் "நாளைக் காலை போலீஸ் வரும்" என்று மிரட்டும்போது, வாங்கிய கடனைக் கொடுக்க இயலாமை போலீஸ் வழக்கு அன்று என்பதைத் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அது சிவில் தாவா. ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. செக் எழுதிக் கொடுத்து, அது பணமின்றித் திரும்பிவிட்டால், 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு குறுக்கே வரும். 1989 முதல் அமலில் உள்ள அப்பிரிவின்படி, எழுத்து மூலம் நோட்டீசு வந்த 15 நாட்களுக்குள் தொகையைக் கொடுக்காவிட்டால் அது குற்றமாகும். இரண்டாண்டு வரை சிறையும், செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதமும் விதிக்கலாம். கடன் கொடுப்போர் சிலர் கையெழுத்திட்ட வெற்றுச் செக்குகளை முன்கூட்டியே வாங்கி வைப்பதன் மர்மம் இதுவே. சிவில் கடனை ஒரே நாளில் கிரிமினல் வழக்காக்கும் சாவி அது. புரோ நோட்டிலும் இவ்வாறே. ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த ஸ்டாம்பு தாங்கும் தொகை வரை நிரப்பிக்கொள்ள அவர்க்கு நாமே அதிகாரம் கொடுத்ததாகச் சட்டம் கொள்ளும்.

சம்பளத்தின் மீது ஜப்தி வந்தால் வீட்டில் உலை வைக்க முடியாது என்ற பயம் நம் காலனியில் பரவலாக உண்டு. இது நாம் நாள்தோறும் புழங்கும் விஷயமாதலின் சற்று விரித்துக் கூறுகிறோம். ஜீவனாம்ச டிக்ரி அல்லாத மற்ற டிக்ரிகளில், சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. அரசு அறிவிக்கையால் விலக்கப்பட்ட படிகள் போகக் கணக்கில் வரும் சம்பளம் 40,000 ரூபாய் என்று கொள்வோம். 1,000 போக 39,000. அதில் மூன்றில் இரண்டு பங்கு 26,000. ஆக 27,000 ரூபாய் ஊழியர்க்கு உரியது. 13,000 ரூபாய்தான் ஜப்திக்கு உட்படும். அதுவும் முடிவின்றிச் செல்வதன்று. ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதங்கள் பிடித்தாயிற்று என்றால், அந்த டிக்ரிக்காகச் சம்பளத்தில் மேற்கொண்டு கைவைக்க இயலாது. பிராவிடண்டு நிதியில் கட்டாயச் சேமிப்பு, அரசுப் பென்ஷன், உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகள் ஆகியவையும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. தாலியைக் கழற்றிக் கொடு என்று வாசலில் நின்று கேட்பவனுக்குச் சட்டத்தில் இடமில்லை.

இப்பாதுகாப்புகள் தாமாக வந்தவை அல்ல. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், சம்பள நாளன்று தொழிற்சாலை வாயிலில் காபூலிக்காரர் தடியுடன் காத்து நிற்பார். உறையைப் பிரிக்குமுன்னே வட்டி கைமாறிவிடும். 1929இல் அமைக்கப்பட்ட விட்லி தலைமையிலான தொழிலாளர் ராயல் கமிஷன் இக் காட்சியை 1931இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்து, தொழிலாளியின் ஊதியத்தை ஜப்தியிலிருந்து காக்கப் பரிந்துரைத்தது. வங்காளத்தில் 1934இல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றி, வேலைத்தலத்தருகே கடன் வசூலுக்காகக் காத்து நிற்பதைக் குற்றமாக்கினார்கள். இன்று சம்பளம் வங்கிக் கணக்கில் விழுவதால் வாயிலில் தடிக்கு வேலையில்லை. தடி இப்போது சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. செயலி வழியே பத்து நிமிடத்தில் ஐயாயிரம் கொடுப்பவன், நம் உறவினர் எண்களையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, தவணை தவறியவுடன் சம்பந்தி வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறான். இதற்கும் தடை உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைத்தல் கூடாது, கடனாளியின் உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்தல் கூடாது என ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விடுத்தது. அத்துமீறினால் முதலில் அந்நிறுவனத்திற்கே எழுத்து மூலம் புகார் கொடுத்து, 30 நாளில் தக்க பதில் வராவிடின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ரிசர்வ் வங்கியின் அனுமதி எதுவும் இன்றிக் கடன் கொடுத்து மிரட்டும் செயலிகளைப் பற்றிப் போலீசின் சைபர் பிரிவுக்கு 1930 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

இவற்றையெல்லாம் ஆராயுங்கால் நமக்கு ஒன்று புலப்படுகிறது. சட்டம் இல்லாதவனைத் தண்டிக்கவில்லை, மறைப்பவனைத் தண்டிக்கிறது. நம் உத்தியோக விதிகளும் இதே தடத்தில் செல்கின்றன. 1966ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 17ஆம் விதி, ஓயாத கடன்காரனாக இருத்தல் ஆகாது என்று கூறுவதோடு, கடன் வசூலுக்காகவோ இன்சால்வென்சிக்காகவோ வழக்கு வந்தால் உடனே முழு விவரத்தையும் மேலிடத்திற்குத் தெரிவிக்கவேண்டும் என விதிக்கிறது. நம்மவர் செய்வது என்ன? கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் தபால்காரரிடமே திருப்பிவிடப் பார்க்கிறார்கள். வாய்தாவுக்குப் போவதில்லை. ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிறது. கடைசியில் ஜப்தி உத்தரவு நம் மேஜைக்கு வரும்போதுதான் அலுவலகத்திற்கே தெரிகிறது. கடன் பட்டதற்காக அன்றி, சொல்லாமல் இருந்ததற்காக விளக்கம் கேட்கப்படுகிறார்கள்.

வீட்டிலும் இப்படித்தான். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஒரு நாள் உணவு இடைவேளையில் நம்மிடம் வந்து அமர்ந்தார். ஆறேழு லட்சம் இருக்கும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அவர் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. இரவில் கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு விழித்திருப்பாராம். பழைய படிவம் ஒன்றின் பின்புறத்தில், எவர்க்கு எவ்வளவு என அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதினோம். சொசைட்டிக் கடன் 1,60,000. வங்கிக் கடன் 1,45,000. மூன்று செயலிகளில் 38,000. வண்டி வாங்கிய வகையில் ஃபைனான்ஸ் 40,000. மைத்துனரிடம் கைமாற்று 50,000. கோல் பஜார் மளிகைக் கடை 5,000. கூட்டினால் 4,38,000 ரூபாய். ஆறேழு லட்சம் என்பது பயம் போட்ட கூட்டல். நாலே முக்கால் லட்சமும் இல்லாத கடன் அவரைத் தண்டவாளம் வரை அழைத்துப் போயிருக்கும் என்று பின்னொரு நாள் அவரே சொன்னார்.

அத்தாளை அன்றிரவே மனைவியிடம் காட்டும்படி கூறினோம். காட்டினார். அந்த அம்மையார் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் ஊரில் அரைகுறையாக நின்ற மாடிக் கட்டடத்தை அப்படியே நிறுத்திவிடலாம் என்று சொன்னவர் அவரே. வங்கிக்குச் சென்று உள்ள நிலையை எழுதிக் கொடுத்ததில், தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைத்தார்கள். தவணை பலமுறை தவறிய பின் போவதைவிடத் தவறுமுன் போனால் வங்கியில் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பது நாம் பலரிடம் கண்டது. மளிகைக் கடைக்காரர்க்கு முதலில் கொடுத்துவிடும்படி நாம் சொன்னோம். அவரும் நம்மைப்போல் அன்றாடங்காய்ச்சி, அதோடு நாளையும் அவரிடம்தான் அரிசி வாங்க வேண்டும். பெரிய வங்கி பொறுக்கும், சிறிய கடை பொறுக்காது என்பது நம் கருத்து. மைத்துனர் கடன் இன்றளவும் தீரவில்லை. அதன் காரணமாக ஒரு திருமணத்திற்கு இவர்கள் போகவும் இல்லை. அடகுக் கடையில் முன்னமே மூழ்கிப்போன சங்கிலியும் திரும்பி வரவில்லை. ஆயினும் அவர் இரவில் உறங்குகிறார்.

பட்டியல் எழுதிய பின், எதை முதலில் கொடுப்பது என்ற கேள்வி எழும். நாம் கூறுவது, எவருக்கும் முன்னால் அரிசியும் பள்ளிக் கட்டணமும் மருந்தும் என்பதே. அடுத்து, கொடுக்காவிடில் திரும்பப் பெற இயலாத பொருள் கைவிட்டுப் போகும் கடன்கள். அடகு நகையும் வீட்டுக் கடனும் இவ்வகை. அடுத்தே மற்றவை. வாசலில் வந்து உரக்கக் கத்துபவர்க்கு முதலில் கொடுப்பது நம்மவர் இயல்பு. கத்தும் அளவுக்கும் கடனின் அவசரத்திற்கும் எத்தொடர்பும் இல்லை.

பழங்கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குவது பெரும்பாலும் வட்டியைக் கூட்டுவதிலேயே முடிகிறது. தண்டல்காரர் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் என்று எழுதி 8,500 ரூபாய் கையில் தருகிறார். நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். ஆயிரத்தைந்நூறுதானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்து வருவதைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 120 வட்டி விழுகிறது. அத்தகைய பணத்தைக் கொண்டு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியுள்ள வங்கித் தவணையைக் கட்டுவோரை நாம் அறிவோம். நேற்றைய அவமானத்திற்குப் பயந்து இன்று வீட்டைக் கொளுத்துவதற்கு நிகரானது அது. சொசைட்டி போன்ற குறைந்த வட்டிக் கடனால் தண்டல்காரரை ஒரே முறையில் தீர்த்துவிட்டு மீண்டும் அவர் பக்கம் போகாதிருப்பது ஒன்றே இதற்கு விலக்கு.

நோட்டுப் புதுப்பித்தலிலும் எச்சரிக்கை வேண்டும். புரோ நோட்டுக் கடனுக்கு வழக்கிட மூன்றாண்டு வரையறை. அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்து மூலம் கையெழுத்திட்டாலும், நோட்டின் பின்புறம் ஒரு சிறு தொகையை வரவு எழுதிக் கையெழுத்திட்டாலும், அன்றிலிருந்து மீண்டும் மூன்றாண்டு ஓடத் தொடங்கும். காலாவதியான பின்னும், கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புது ஒப்பந்தமாகச் செல்லும். நியாயமான கடனைக் காலாவதியைக் காட்டி ஏய்க்கச் சொல்வதாக எவரும் கருதவேண்டா. வட்டியையும் அசலில் சேர்த்துப் பெருந்தொகையாக எழுதி நீட்டும் புது நோட்டில் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

ஜாமீன் விஷயத்தையும் இங்கே தொடாமல் இருக்க முடியாது. நம் அலுவலகங்களில் சொசைட்டிக் கடனுக்கு ஒருவர்க்கொருவர் ஜாமீன் கையெழுத்திடுவது தோழமையின் அடையாளம் ஆகிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு, கடன் வாங்கியவர் பொறுப்புக்குச் சமம். அவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வரவேண்டும் என்று சொல்ல, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, உரிமையில்லை. கடன் பெற்றவர் வேலையை விட்டோ சொல்லாமல் கொள்ளாமலோ போய்விட்டால், ஜாமீன்தாரரின் பட்டியலில் பிடித்தம் ஏறும். அவ்வாறு கட்டியவர், கடன் கொடுத்தவர்க்கிருந்த உரிமைகளைப் பெற்று, வாங்கியவரிடம் வசூலிக்கலாம் என்றும் அச்சட்டமே கூறுகிறது. எனவே கட்டிய ரசீதுகளை எறிந்துவிடக் கூடாது.

வட்டிக் கொடுமை எல்லை மீறியவிடத்து நேர்ந்ததை 2017 அக்டோபர் 23ஆம் நாள் தமிழ்நாடே கண்டது. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டித் தொல்லை தாளாமல், கூலி வேலை செய்து வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கணவனும் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் தீக்கிரையாயினர். மனு மேல் மனுவாகக் கொடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். கந்துவட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இலேயே பிறந்துவிட்டது. சட்டம் இருந்தும் உதவி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அக்குழந்தைகளின் படத்தைச் செய்தித்தாளில் கண்ட நாள் முதல் இதைப் பற்றி நாலு பேரிடம் பேசவேண்டும் என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

நாம் வாழும் வங்காளத்திலும் 1940ஆம் ஆண்டு லேவாதேவிச் சட்டம் உண்டு. லைசென்சு இன்றி வட்டித் தொழில் செய்தல் கூடாது. வட்டியும் முதலும் சேர்ந்து, முதலில் வாங்கிய தொகையின் இரு மடங்கைத் தாண்டினால் அந்த மிகுதியைக் கொடுக்கக் கடனாளி கடமைப்பட்டவன் அல்லன். வங்கிக் கடனும் வணிகக் கடனும் இதில் சேரா. எனினும் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வரும் வட்டிக்காரர் வங்கி அல்லரே!

சொத்து முழுவதையும் கொடுத்தும் தீராதவர்க்கு இறுதி வழியும் சட்டத்தில் உண்டு. நம்மூரில் மஞ்சள் கடிதாசி என்றும் ஐ.பி. என்றும் கேலியாகப் பேசப்படும் இன்சால்வென்சி மனுவே அது. 2016ஆம் ஆண்டு வந்த புதிய திவால் சட்டத்தில் தனி மனிதர்க்கான பகுதி, நிறுவனங்களுக்கு ஜாமீன் நின்றோர் அளவில் மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலாயிற்று. ஆதலின் நம்போன்றோர்க்கு இன்னும் 1920ஆம் ஆண்டுச் சட்டமே துணை. மேதினிபூர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கவேண்டும். எல்லாக் கடனையும் எல்லாச் சொத்தையும் அதில் காட்டவேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. மறைக்காதவர்க்கு ஒரு நாள் விடுதலை உண்டு. அதற்கு முன் அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும் என்பதையும், முன்கூட்டி அறிய இயலாத காரணங்களால் நேர்ந்தது என்று காட்டும் பொறுப்பு ஊழியரையே சாரும் என்பதையும் மறத்தல் கூடாது.

தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. கணவர் வாங்கிய கடனுக்கு, நீங்கள் கையெழுத்திடாத வரையில் உங்கள் சம்பாத்தியமோ உங்கள் நகையோ பொறுப்பாகாது. ஆகவே, சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து என்று நீட்டப்படும் தாளில் உண்மையில் எந்த இடத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். தகப்பன் கடன் மகன் தலையில் என்பதும் பழைய கதை. தகப்பனார் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசு பொறுப்பு. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமை என்ற காரணத்தால் மட்டும் அவனைத் தொடரும் உரிமையை, 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பின் வாங்கிய கடன்களைப் பொறுத்தமட்டில் நீக்கிவிட்டது. மகன் விரும்பிக் கொடுத்தால் அது அவன் பெருந்தன்மை.

காங்சாவதி ஆற்றைத் தாண்டி மேதினிபூர் கோர்ட்டுக்குப் போனால், அங்கே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இயங்குகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட பழங்குடி மக்களுக்கும் குறைந்த வருமானம் உள்ளோர்க்கும் வக்கீல் செலவின்றிக் கிடைப்பார். வழக்கு நடக்குமுன்னரே வங்கியையும் கடனாளியையும் எதிரெதிரே அமர்த்திப் பேசி முடிக்கும் லோக் அதாலத்தும் உண்டு. அங்கே ஆகும் முடிவு டிக்ரிக்கு நிகர், அப்பீல் கிடையாது. ஆகவே கொடுக்க இயலும் தொகைக்கு மட்டுமே தலையசைக்கவேண்டும். வங்காளி மொழி தெரியவில்லையே எனத் தயங்குவோர் நம் சங்கத்துப் பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள்.

இறுதியாகச் செயற்குழுவினர் முன் ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கு வசூலாகும் தொகையில் ஆண்டுதோறும் மிச்சம் நிற்கிறது. அதிலிருந்து ஒரு சிறு நிதி ஒதுக்கி, ஜூலை மாதப் பள்ளிச் செலவுக்கும் அவசர மருத்துவத்திற்கும் வட்டியின்றிப் பத்தாயிரம் வரை கைமாற்றாகக் கொடுத்துப் பத்து மாதத்தில் திரும்பப் பெறலாம். பெயர் வெளியே வராமல் மூவர் கொண்ட சிறு குழு இதனைக் கவனிக்கட்டும். ஞாயிறு மாலைகளில் படிப்பகத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, வருவோரின் நோட்டையும் நோட்டீசையும் படித்துச் சொல்ல நாம் ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் இதனை எடுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.